உம்மாவின் படத்தை மீட்டுத் தாருங்கள்

அந்தப் படம் எங்கள் ஊர் பள்ளிவாசல்துறைக்கு வருவதற்கு முன்னால் கட்டாருக்குப் போய்விட்டது. அங்கே வேலை செய்கிற என் தம்பி பக்கத்து வீட்டுப் பிள்ளையின் போனுக்கு எடுத்து என்னைக் கூப்பிடச் சொன்னான். எங்கள் பக்கத்தில் கரண்ட் வந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. என் போன் செத்துக் கிடந்தது.

"லாத்தா, உம்மா றோட்டுல நிண்டு சாமான் வாங்கினவவா?"

எனக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அந்தப் பிள்ளை தன் போனிலேயே படத்தைத் திறந்து காட்டினாள். ஒரே நிறத்தில் டீ-சேர்ட் போட்ட நாலு பேர் நிற்கிறார்கள். நடுவில் என் உம்மா. நாலு பேருடைய கையும் ஒரு பொதியில் இருக்கிறது. அந்தப் பொதி உம்மாவின் கைக்கு இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. படம் எடுத்து முடியும்வரைக்கும் விடமாட்டார்கள் என்பது பார்த்தாலே தெரிகிறது. உம்மாவின் தலையில் கிடப்பது வீட்டுக்குள் போடுகிற பழைய துணி, அதுவும் நனைந்து ஒரு பக்கம் சரிந்து காதும் நரைமயிரும் தெரிகிறது. எழுபத்தொரு வயதில் அந்நிய ஆண்களுக்கு முன்னால் தலைத்துணி சரிந்து நின்றவர் அல்ல என் உம்மா. படத்துக்குக் கீழே எழுதியிருந்தார்கள்: ஆதரவற்ற இந்தத் தாயின் கண்ணீரைத் துடைத்தோம்.

உம்மாவுக்கு நாலு பிள்ளைகள். அன்றைக்கு அவர் அழவும் இல்லை.

நான் முன்பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்துக்கொடுக்கிறவள். வீட்டுக்காரர் வெங்காயமும் மிளகாயும் செய்கிறார். பத்திரிகைக்கு எழுதிப் பழக்கம் இல்லை. ஆனால் நெஞ்சுக்குள் கிடந்து குமுறுகிறதை இனியும் விழுங்க ஏலாது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கையைப் புரட்டிப் போட்டது. நாடு முழுக்க 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மலைநாட்டில் வீட்டோடு மண்ணுக்குள் போனவர்களை நினைத்தால் எங்கள் பாடு பெரிய பாடு இல்லை. எங்களுக்குத் தண்ணீர்தான் வந்தது. கற்பிட்டிக் குடாநாடு ஒரு மணல் பட்டி, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. கலா ஓயாவும் மீ ஓயாவும் பெருகினால் அந்தத் தண்ணீரெல்லாம் புத்தளம் களப்புக்குத்தான் வரும். மேலே மழை, கீழே களப்பு ஏற்றம். நின்ற தண்ணீருக்குப் போக வழியில்லை. தோட்டமும் வளவும் கிணறும் மலசலகூடமும் ஒரே தண்ணீராகிப் போனது.

அந்த நாட்களில் கலா ஓயாப் பாலத்தில் ஒரு பஸ் வெள்ளத்தில் அகப்பட்டு, எழுபது பேர் அளவில் இரவு முழுக்கத் தண்ணீருக்கு நடுவில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இருந்தார்களே, அவர்களைக் காப்பாற்றப் போன கடற்படைப் பிள்ளைகளுக்கு நான் ஒவ்வொரு தொழுகையிலும் துஆச் செய்கிறேன். லுணுவிலவில் நிவாரணப் பணிக்குப் போன ஹெலிகொப்டர் விழுந்து அதன் விமானி இறந்துபோனார். உதவி என்பது என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. உதவி செய்தவர்களைக் குறை சொல்லுகிற நன்றி கெட்டவள் என்று என்னைச் சொல்லப்போகிறவர்கள், தயவுசெய்து இதைக் கடைசிவரைக்கும் வாசியுங்கள்.

லொறி வந்தது தண்ணீர் கொஞ்சம் வடிந்த மூன்றாம் நாள். பாலாவி – கற்பிட்டி வீதியில் நிறுத்தினார்கள். உள்ளே களப்புக்கரைப் பக்கம் வரவில்லை. மணல் ஒழுங்கைக்குள் லொறி இறங்காது என்றார்கள். லொறி இறங்காவிட்டால் மனிதர் இறங்கி நடக்கலாமே என்று யாரும் கேட்கவில்லை. பசித்தவனுக்கு அந்தக் கேள்வி வராது. கேட்டால் லொறி அடுத்த ஊருக்குப் போய்விடும் என்ற பயம் ஒவ்வொருவர் வயிற்றிலும் இருந்தது. வீதியோரத்து வீடுகளுக்கு இரண்டு பொதி, மூன்று பொதி கிடைத்தது. தண்ணீருக்குள் நின்ற வீடுகளுக்கு ஒன்றும் போகவில்லை. எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு லாத்தா இத்தாவில் இருந்தார். அவருடைய மாப்பிள்ளை மௌத்தாகி அப்போது இரண்டு மாதம். நாலு மாதமும் பத்து நாளும் முடியாமல் அவர் எப்படி வீதிக்கு வந்து வரிசையில் நிற்பார்? அவருக்காக நான் ஒன்று கேட்டேன். "ஆள் வரணும், போட்டோ எடுக்கணும், இல்லாட்டிக் கணக்குக் காட்டேலாது" என்றார்கள். முஸ்லிம் பெயர் உள்ள பிள்ளைகள்தான் அப்படிச் சொன்னார்கள். இத்தா என்றால் என்னவென்று அவர்களுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அது தெரிந்துகொண்டேதான் சொன்னார்கள்.

உம்மா அன்றைக்கு வீதிக்குப் போனது தனக்காக இல்லை. அந்த லாத்தாவுக்காக. தன் பெயரில் ஒன்று வாங்கி அவரிடம் கொடுக்கலாம் என்று, எங்களுக்குச் சொல்லாமல், முழங்கால் தண்ணீருக்குள் ஊன்றுகோலோடு போயிருக்கிறார். முந்தானையை முகத்துக்கு இழுத்திருக்கிறார். "உம்மா, முகம் தெரியணும், கொஞ்சம் எடுங்க" என்று ஒரு பிள்ளை துணியைத் தொட்டு விலக்கியிருக்கிறான். இதை உம்மா எனக்குச் சொல்லவில்லை. அங்கே நின்ற வேறொரு பிள்ளை சொல்லித்தான் தெரியும். உம்மாவிடம் நான் இன்றுவரை அதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்க எனக்குத் தைரியமில்லை.

பொதியை அந்த லாத்தாவின் வீட்டில்தான் பிரித்தோம். அஞ்சு கிலோ அரிசி, இரண்டு கிலோ கோதுமை மா, சீனி, பருப்பு, தேயிலை, ஒரு பால்மாப் பக்கற், இரண்டு ரின் மீன். அடுப்பு தண்ணீருக்குள். விறகு ஊறிப் போய்க் கிடந்தது. அரிசியை வைத்து என்ன செய்கிறது? நெத்தலியும் கட்டாவும் காயப்போட்டு விற்கிற கடற்கரை ஊருக்கு ரின் மீன் வந்தது. அன்றைக்கு எங்களுக்கு வேண்டியிருந்தது சமைத்த சோறு, அடுத்த நாளைக்கு ஒரு காஸ் அடுப்பு, அதற்கு அடுத்த நாளைக்குக் கிணறு இறைக்க ஒரு பம்ப். வேறு ஒரு வாகனத்தில் மூட்டை மூட்டையாகப் பழைய உடுப்பு வந்தது. பிரித்தபோது வந்த வாடையை நான் எழுதமாட்டேன். அதற்குள் ஒரு கலியாணச் சாறி இருந்தது, ஆண்களின் கோட்டு இருந்தது, ஒற்றைச் செருப்பு இருந்தது. பெண் பிள்ளைகளுக்கு அந்த நாட்களில் என்ன வேண்டும் என்று யோசித்த கை ஒன்றும் அந்த மூட்டைகளைக் கட்டவில்லை. பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த குமர்ப் பிள்ளைகள் பழைய சாரத்தைக் கிழித்துப் பாவித்தார்கள். மூட்டை கொண்டு வந்தவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். ஒரு பெண்ணையாவது கூட்டிக்கொண்டு வந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் காதுக்குள் சொல்லியிருப்பார்கள்.

என் தங்கச்சியின் குழந்தைக்கு அப்போது நாலு மாதம். குழந்தைக்கென்று ஒரு பால்மா ரின்னும் ஒரு போத்தலும் கொடுத்தார்கள். நல்ல எண்ணத்தில்தான் கொடுத்தார்கள், அதை நான் மறுக்கவில்லை. குடும்ப நல மாது வந்து அதைக் கண்டதும் அவருக்கு முகம் வெளுத்துப் போனது. மலசலகூடக் குழியும் கிணறும் கலந்த தண்ணீரில் போத்தல் கழுவி, அதே தண்ணீரில் மா கரைத்துக் கொடுத்தால் அந்தக் குழந்தைக்கு வயிற்றோட்டம் வர எத்தனை மணித்தியாலம் ஆகும்? இந்த நாட்டில் 1983 முதல் தாய்ப்பாலைக் காப்பதற்கென்று ஒரு சட்டக்கோவை இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் குடிசன சுகாதார அளவீட்டில், ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 சதவீதத்துக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கப்படுகிறது என்று கண்டார்கள். வெள்ளத்தில் பயந்து பால் வற்றியது போல இருந்த தாய்க்கு வேண்டியிருந்தது ஒரு காய்ந்த மூலை, சுடச்சுட ஒரு நேரச் சாப்பாடு, 'பால் திரும்ப ஊறும், பிள்ளையைப் போடு' என்று சொல்ல ஒரு ஆள். அந்த மாது அதைத்தான் செய்தார். படம் எடுக்கவில்லை.

எங்கள் குடும்பம் இங்கே பிறந்த குடும்பம் இல்லை. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை விரட்டியபோது மன்னார்த் தீவிலிருந்து வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியவர்கள் நாங்கள். வடக்கின் அஞ்சு மாவட்டங்களிலிருந்தும் ஏறக்குறைய 75,000 பேர் அப்படி ஒரு மாதத்துக்குள் வேரோடு பிடுங்கப்பட்டார்கள். எனக்கு எட்டு வயது. மழை, கடல், உம்மாவின் மடி, வாப்பாவின் கையில் ஒரு பை. வள்ளம் கரை தட்டியபோது இடுப்பளவு தண்ணீருக்குள் இறங்கி வந்து பிள்ளைகளைத் தூக்கியவர்கள் இந்தக் கரையின் மீனவர்கள். அவர்களும் பெரிய பணக்காரர்கள் இல்லை. தங்கள் வீட்டுப் பானையில் இருந்ததைத்தான் கொண்டு வந்தார்கள். சோறும் பருப்பும் சுட்ட கருவாடும். ஒரு பெண் உம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, ஒரு குடத்துத் தண்ணீரும் ஒரு காய்ந்த சீலையும் கொடுத்து, தன் வீட்டுப் பின்பக்கத்துக் கிடுகு மறைப்பைக் காட்டி, "முதல்ல நீங்க உடுப்ப மாத்துங்க, சோறு எங்கயும் ஓடாது" என்றாராம். முப்பத்தைந்து வருடமாக உம்மா அந்தக் கதையைச் சொல்லாத ரமழான் இல்லை. அந்தப் பெண்ணின் முகம் உம்மாவுக்கு இப்போது சரியாக ஞாபகம் இல்லை. குரல் மட்டும் இருக்கிறது என்பார். ஒருவருக்கும் ஒரு படமும் இல்லை.

அந்தப் பெண்ணுக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. பேரிடர் உதவி பற்றி அவர் ஒரு எழுத்தும் படித்திருக்கமாட்டார். ஆனால் நனைந்து வந்தவளுக்கு முதலில் மறைப்பு வேண்டும், பிறகுதான் சோறு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எங்களிடம் இருந்த மதிப்பான பொருட்களையெல்லாம் பறித்துக்கொண்டுதான் மன்னாரிலிருந்து அனுப்பினார்கள். உம்மாவின் கழுத்தும் காதும் வெறுமையாக இருந்தன. மிச்சமிருந்தது மானம் ஒன்றுதான். கற்பிட்டிக் கரையில் அந்தப் பெண் அதைத் தொடவில்லை. முப்பத்தைந்து வருடம் கழித்து, உதவி என்ற பெயரில் வந்தவர்கள் அதைத் தொட்டுவிட்டார்கள்.

நிவாரணப் பட்டியலின் கதையையும் சொல்ல வேண்டும். பதிய வந்தவர் அடையாள அட்டையைப் பார்த்தார், வாக்காளர் பதிவைப் பார்த்தார். "நீங்க மன்னார்ப் பதிவுதானே, அங்க போய்க் கேளுங்க" என்றார். நாங்கள் ஊர் உரிமை விட்டுப்போகக்கூடாது என்று வாக்கை மன்னாரிலேயே வைத்திருக்கிறவர்கள். புத்தளத்தில் வாழ்ந்துகொண்டு வாக்குப் போட மன்னாருக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். 2019 நவம்பரில் அப்படிப் போன பஸ்களுக்குத் தந்திரிமலையில் துவக்குச் சூடு நடந்ததை நாடே அறியும். மன்னாருக்கு நாங்கள் புத்தளத்தார், புத்தளத்துக்கு நாங்கள் அகதி. வெள்ளம் மட்டும் எங்களை இந்த ஊராராக எண்ணி வீட்டுக்குள் வந்தது. பிறகு ஒரு பெரிய மனிதர் பேசி எங்களைச் சேர்த்தார்கள். அதற்குள் ஒன்பது நாள் போய்விட்டது. அந்த ஒன்பது நாளில் பள்ளிவாசலிடம் ஒரு பட்டியல், பதிய வந்தவரிடம் ஒரு பட்டியல், அரசியல்வாதியின் ஆட்களிடம் ஒரு பட்டியல் என்று மூன்று ஓடின. மூன்றிலும் உள்ளவர்களும் இருந்தார்கள், ஒன்றிலும் இல்லாதவர்களும் இருந்தார்கள். மூன்றையும் ஒரு மேசையில் ஒரு மணித்தியாலம் விரித்து வைத்துப் பார்க்க ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை. வாடகைக்கு இருந்த குடும்பங்களும், ஆண் துணையில்லாத வீடுகளும் அந்த ஓட்டைகளுக்குள்தான் விழுந்தன.

அன்றிலிருந்து இரவில் பிள்ளைகள் தூங்கிய பிறகு நான் தேடித்தேடி வாசிக்கிறேன். எங்களுக்கு மட்டும்தான் இப்படி நடந்ததா என்று அறிய வேண்டும் போல இருந்தது. இல்லை. 1998இல் ஹொண்டுராஸ் நாட்டை மிட்ச் சூறாவளி அடித்தபோது, அங்கே உள்ளவர்கள் கேட்காமலே வந்த பழைய உடுப்பு மூட்டைகள் விமான ஓடுபாதையை அடைத்துக்கொண்டு கிடந்து, அவசர நிவாரணம் கொண்டு வந்த விமானம் இறங்க முடியாமல் போயிருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு அச்சே மாகாணத்துக்கு ஏறக்குறைய 4,000 டன் மருந்து வந்து குவிந்தது. பெரும்பாலானவற்றின் உறையில் அந்த ஊரார் வாசிக்கத் தெரியாத மொழி. தேவைப்படாததை அழிப்பதற்கே மேலும் பணம் வேண்டியிருந்தது. அதே சுனாமியில் நாகப்பட்டினத்துக் கரையோர வீதிகளில் உடுப்பு மலையாகக் குவிந்து கிடந்து வெயிலிலும் மழையிலும் நைந்தது. அள்ளித் தரம் பிரிக்கவே பிறகு ஒரு தனி முயற்சி தேவைப்பட்டது. கடலில் எல்லாம் இழந்த மீனவப் பெண்கள், யாரோ கழித்துவிட்டதை வீதியில் கிளறிப் பொறுக்கமாட்டோம் என்று ஒதுங்கி நின்றார்கள் என்று வாசித்தபோது எனக்கு அழுகை வந்தது. அவர்களை எனக்குத் தெரியும். முகம் தெரியாது, ஆனால் தெரியும்.

எங்கள் நாட்டிலும் அந்தச் சுனாமிக்குப் பிறகு படகு கொடுக்க உலகமே போட்டி போட்டது. படகு கொடுத்தால் நல்ல படம் வரும். சில கரைகளில் முன்னர் இருந்ததை விட அதிகப் படகுகள், மீன்பிடிக்காதவர்களுக்கும் படகுகள், அந்தக் கடலுக்கு உதவாத படகுகள். வலையும் என்ஜினும் கேட்டவனுக்குப் படகு. உதவி அமைப்புகள் எல்லாம் சேர்ந்து பிறகு ஒரு பெரிய மதிப்பீடு செய்து 2006இல் வெளியிட்டன. பாதிக்கப்பட்ட மக்களைக் கேட்காமல், உள்ளூரில் ஏற்கெனவே இருந்த ஏற்பாடுகளைத் தள்ளிவிட்டு வேலை நடந்தது என்று அதில் தாங்களாகவே ஒப்புக்கொண்டார்கள். 2015இல் சென்னை வெள்ளத்தின்போது மற்றவர்கள் அனுப்பிய சாப்பாட்டுப் பொதிகளை மறித்து முதலமைச்சரின் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டினார்கள் என்று பெரிய குமுறல் எழுந்தது. எழுந்து என்ன? பத்து வருடம் கழித்து என் உம்மாவுக்குப் பின்னால் பதாகை பிடித்தார்கள்.

இதையெல்லாம் விட என்னை உலுக்கியது வேறொன்று. செஞ்சிலுவை, செம்பிறை இயக்கமும் பெரிய தொண்டு நிறுவனங்களும் 1994இல் பேரிடர் உதவிக்கென்று ஒரு நடத்தை நெறி எழுதிக் கையெழுத்திட்டிருக்கின்றன. அதில் பத்து அம்சங்கள். பத்தாவது, விளம்பரத்திலும் செய்தியிலும் பாதிக்கப்பட்டவர்களைக் கதியற்ற பொருட்களாகக் காட்டாமல் கண்ணியமுள்ள மனிதர்களாக மதிக்க வேண்டும் என்கிறது. முப்பது வருடத்துக்கு முன்னரே எழுதியிருக்கிறார்கள்! என் உம்மாவுக்காக யாரோ ஒருவர் எங்கேயோ இருந்து வாதாடி எழுதி வைத்தது போல இருந்தது. மத்ரஸாவில் ஏழு வயதில் எங்களுக்குச் சொல்லித்தந்ததும் அதுதானே, வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக்கூடாது என்று. அந்த நாலு பிள்ளைகளும் அதைப் படித்திருப்பார்கள். படித்தவர்கள் எப்படி மறந்தார்கள்?

காசு அனுப்பியவர்கள் கணக்குக் கேட்கிறார்கள், அதனால்தான் படம் என்கிறார்கள். கணக்கு வேண்டும்தான். எங்கள் பெயரைச் சொல்லிச் சேர்த்த பணம் எங்களுக்கு வந்ததா என்று முதலில் கேட்க வேண்டியவர்களே நாங்கள்தான். கடைப் பற்றுச்சீட்டைப் படம் எடுங்கள். இறைத்த கிணற்றை, திருத்திய கூரையைப் படம் எடுங்கள். பட்டியலில் கையொப்பம் வாங்கிப் பள்ளிவாசலில் ஒட்டுங்கள், ஊரே பார்க்கட்டும். ஒரு கிழவியின் முகத்தில் எந்தக் கணக்கு எழுதியிருக்கிறது?

ஒரு நல்லதையும் சொல்லாவிட்டால் அல்லாஹ் கேட்பான். கரண்ட் வந்து இரண்டு நாள் கழித்து நுரைச்சோலைப் பக்கத்திலிருந்து அஞ்சாறு பொடியன்மார் வந்தார்கள். கையில் ஒன்றுமில்லை, ஒரு கொப்பியும் பேனையும் மட்டும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, உள்ளே எட்டிப் பார்க்காமல், "என்ன உதவி தேவை, சொல்லுங்க லாத்தா" என்றார்கள். நான் அப்படியே நின்றுவிட்டேன். அத்தனை நாளில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆட்கள் அவர்கள். அடுத்த நாள் இரண்டு வாட்டர் பம்ப்போடு வந்து ஒழுங்கையில் உள்ள கிணறுகளை ஒவ்வொன்றாக இறைத்தார்கள். எங்கள் மணலில் கிணறு ஆழமில்லை. நல்ல தண்ணீர் மேலே மெல்லியதாக மிதக்கிறது, அவசரப்பட்டு ஒரேயடியாக இறைத்தால் உப்பு ஏறிவிடும். அவர்கள் இந்த மண்ணின் பிள்ளைகள், அது தெரியும். கொஞ்சம் இறைத்து, ஊறவிட்டு, மறுபடி இறைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூட்டிவந்து குளோரின் போட்டார்கள். எலிக்காய்ச்சல் வரும், தண்ணீருக்குள் இறங்குகிறவர்கள் ஆஸ்பத்திரியில் மாத்திரை கேட்டு எடுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னதும் அவர்கள்தான். தூரத்திலிருந்து வந்த தண்ணீர்ப் போத்தல்கள் வெறுமையாகிக் களப்புக்கரைக் கண்டலுக்குள் இன்றும் சிக்கிக் கிடக்கின்றன. அந்தக் கிணறுகளிலிருந்து நாங்கள் இன்றும் குடிக்கிறோம்.

அரசாங்கம் வீடு துப்புரவாக்க என்று 25,000 ரூபா அறிவித்தது. எங்களுக்குச் சுணங்கித்தான் வந்தது, ஆனால் வந்தது. அந்தக் காசு கையில் விழுந்த அன்று வீட்டுக்காரரின் முதுகு நிமிர்ந்ததை நான் கண்டேன். காசு எங்களைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. மெத்தை வாங்கு, மா வாங்கு என்று கட்டளையிடவில்லை. நாங்கள் இருந்து பேசினோம். பாதியை ஊர்க் கடைக்காரரிடம் கொடுத்தோம். அந்த மனிதரைப் பற்றி ஒருவரும் எழுதமாட்டார்கள். லொறிகள் வருவதற்கு முந்திய இரண்டு நாளும் தன் கடையில் நனையாமல் மிஞ்சியதையெல்லாம் கடன் கொப்பியில் எழுதி எங்களுக்குத் தந்தவர் அவர். பிறகு வீதியில் அரிசியும் மாவும் சும்மா கிடைக்கத் தொடங்கியதும் ஒரு மாதத்துக்கு அவருடைய கடையில் ஈ ஓட்டினார். கொழும்பிலிருந்து லொறியில் ஏற்றி வந்த அந்த அரிசிக்கான பணத்தை அவரிடமே கொடுத்து, "இந்த ஒழுங்கைக்கு நீங்களே சாமான் கொடுங்கள்" என்று சொல்லியிருந்தால் அவர் கடையும் நிமிர்ந்திருக்கும், எங்களுக்கும் வேண்டியது கிடைத்திருக்கும். இத்தாவில் இருந்த லாத்தாவுக்கு அவரே வாசலில் கொண்டு வந்து வைத்திருப்பார். யார் வீட்டில் என்ன இல்லை என்பது அவருடைய கொப்பிக்குத் தெரியும்.

மிச்சக் காசுக்கு வெங்காயம் நட்டோம். டிசம்பர் முதல் வாரம் லொறி லொறியாக வந்தவர்களில், ஜனவரியில் தோட்டம் திருத்த நாங்கள் கூலிக்கு ஆள் தேடியபோது ஒருவரும் இல்லை. படம் எடுக்கிற காலம் முடிந்துவிட்டது.

உம்மாவின் படத்தை நீக்கச் சொல்லி அதைப் போட்டவர்களுக்கு நான் எழுதினேன். மரியாதையாகத்தான் எழுதினேன். அமைப்பின் பெயரை இங்கே சொல்லமாட்டேன். அவர்கள் பெயரைக் கெடுத்து எனக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. 'உங்கள் தாயார் சம்மதித்துத்தான் நின்றார்' என்று பதில் வந்தது. முழங்கால் தண்ணீரில் நிற்கிறவளுக்கு முன்னால் பொதியைப் பிடித்துக்கொண்டு, முகத்தைக் காட்டு என்று கேட்டு வாங்கியதைச் சம்மதம் என்கிறார்கள். மறுத்திருந்தால் அந்தப் பொதி அவர் கைக்கு வந்திருக்குமா? மறுபடி எழுதினேன். அதற்குப் பதில் இல்லை. போன் செய்தேன். ஒரு தம்பி எடுத்தார். மெதுவான குரல். "லாத்தா, அந்தப் போஸ்ட்டாலதான் எங்களுக்கு நிறைய உதவி வந்தது, அத எடுத்தா மத்தச் சனத்துக்கும் நட்டம்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் என் வயிற்றைக் கலக்குகிறது. என் உம்மாவின் குனிந்த முகத்தைக் காட்டினால் காசு வருகிறது. அப்படியென்றால் இனி வருகிற ஒவ்வொரு வெள்ளத்திலும் ஒரு உம்மா குனிய வேண்டும்.

உம்மா இப்போது கலியாண வீடுகளுக்குப் போவதில்லை. மன்னாரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் உள்ளறையில் படுத்துக்கொள்கிறார். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் கைவிட்டுவிட்டார்கள் என்று ஊரில் கதை வந்ததில் தம்பி மூன்று மாதம் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவன் அறைத் தோழர் சொன்னார்.

போன வாரம் அஸர் தொழுதுவிட்டு வந்து உம்மா என்னை அலுமாரிக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். பிஸ்கட் ரின்னுக்குள்ளிருந்து ஒரு சுருளை எடுத்தார். வெங்காயம் நறுக்கப் போய்ச் சேர்த்த காசு, ஆட்டுக்குட்டி விற்ற காசு. கடைக்காரரிடம் அந்தப் பொதியின் சாமான்களை ஒவ்வொன்றாகச் சொல்லி விலை போட்டு வாங்கியிருக்கிறார். 4,600 ரூபா. அரிசி, மா, சீனி, பருப்பு, தேயிலை, பால்மா, ரின் மீன் இரண்டு. பொதியில் இருந்த ஒன்றையும் விடவில்லை. உம்மாவின் வாழ்க்கையில் நகை அடகு வைக்காத வருடம் இல்லை, வைத்ததை மீட்காமல் விட்ட வருடமும் இல்லை. பிள்ளைகளின் படிப்புக்கு வைத்தார், விதை வெங்காயத்துக்கு வைத்தார். ஒவ்வொரு முறையும் வட்டியோடு கட்டி மீட்டார். இதையும் அப்படித்தான் நினைத்திருக்கிறார் போலும்.

"இதக் குடுத்து அந்தப் படத்த மீட்டுட்டு வா மகள். வட்டி கேட்டா எவ்வளவுண்டு கேட்டுட்டு வா, மத்த ஆட்டையும் விப்பம்."

உம்மாவின் முகத்தை வைத்திருக்கிற தம்பிமாரே, காசு எண்ணி ரின்னுக்குள் இருக்கிறது. உங்கள் கணக்கு இலக்கத்தை அனுப்புங்கள்.